பருவமும் ஒப்பனையும்: தமிழ் மகளிரின் உடை, அணித் தேர்வு குறித்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மகளிர் உடையும் அணியும் நம் ஆய்வுலகில் பெரும்பாலும் பட்டியலிடும் பொருளாகவே இருந்து வந்துள்ளன. சங்க நூல்களில் இடம்பெறும் துகில் வகைகள் எத்தனை, சிலப்பதிகாரம் கூறும் அணிகலன்கள் யாவை என்று தொகுத்துக் காட்டும் கட்டுரைகள் பல உண்டு. அவை பயனுடையனவே. ஆயினும் ஒரு பெண் இந்த உடையை ஏன் இந்த நாளில் தேர்ந்தாள், அந்த அணியை ஏன் அந்த மாதத்தில் களைந்தாள் என்னும் வினாவை அவை மிகுதியும் எழுப்பவில்லை.

இவ்வினா நமக்கு வகுப்பறையில் பிறந்தது. தீபாவளி, பொங்கல் விழாக்களை ஒட்டித் துறை மாணவியர் மரபுடையில் வருவது வழக்கம். மரபுடை என்றால் சரிகையிட்ட கனத்த பட்டுச்சேலை என்பது அவர்கள் அனைவர்க்கும் உடன்பாடு. வெயில் மிகுந்த ஒரு நண்பகலில் வியர்த்து வந்தமர்ந்த மாணவி ஒருவரிடம், இம்மரபு எந்தக் காலத்தது என வினவினோம். “ஆதியிலிருந்தே இருக்கிறது, ஐயா” என்பது விடை. அவ்விடையை ஆராயும் முயற்சியே இக்கட்டுரை. பருவத்திற்கேற்ப உடையும் அணியும் தேர்தல் என்னும் வழக்கம் பண்டைத் தமிழிலக்கியத்தில் எவ்வாறு அமைந்தது, கடல் கடந்து இத்தீபகற்பத்திற்கு வந்தபின் அது எவ்வாறு மாறியது என்பனவற்றை இங்குக் காண்போம்.

பெரும்பொழுதும் உடலும்

தொல்காப்பியம் கூறும் பெரும்பொழுது ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆவணி தொடங்கி இவ்விரண்டு திங்களாக ஆண்டு முழுவதும் இவற்றுள் அடங்கும். இப்பகுப்பு அகப்பாடல்களின் பின்புலமாக மட்டும் நின்றுவிடவில்லை. அன்றாட உடல் வாழ்வையும் அது ஆண்டது. அதற்குத் தலைசிறந்த சான்று நக்கீரர் பாடிய நெடுநல்வாடை.

அந்நூல் காட்டும் நகரில் மழை விடாது பெய்கிறது. ஞாயிறு தோன்றாமையால் பொழுது புலப்படவில்லை. பூந்தட்டிலிட்ட பிச்சியின் அரும்பு மலர்ந்து மணப்பதைக் கொண்டே மகளிர் மாலை வந்ததென அறிந்து விளக்கேற்றுகின்றனர். வடநாட்டிலிருந்து வந்த சாந்தரைக்கும் வட்டக்கல் பயனின்றிக் கிடக்கிறது. கூந்தலுக்கு மாலை சூட்டுவார் இல்லை. சில மலர்களை மட்டும் இடுகின்றனர். ஈரக் கூந்தலை உலர்த்த அகிற்புகை எழுகிறது. கைத்திறன் மிக்க கம்மியர் அழகுறச் செய்த சிவந்த விசிறிகள் சுருக்கித் தொங்கவிடப்பட்டுள்ளன. அவற்றின்மேல் சிலந்தி நூல் படர்ந்துள்ளது.

ஆண்டு முழுவதும் ஒரே வெம்மை நிலவும் நாட்டில் பிறந்த நமக்கு இவ்வடிகள் நெடுங்காலம் வெறும் வருணனையாகவே பட்டன. முனைவர் பட்ட ஆய்விற்காக வெளிநாட்டில் தங்கியிருந்த ஆண்டுகளில் முதன்முறையாகக் குளிர்காலம் ஒன்றைக் கடந்த பின்னரே, ஒரு விசிறியின்மேல் சிலந்தி வலை படர்வதன் பொருள் விளங்கிற்று. குளிருக்குரிய பொருள்கள் வெளிவருவதும் வெம்மைக்குரியவை உள்ளே செல்வதும் ஒரு வீட்டின் ஒழுங்கு. நக்கீரர் காட்டுவது அவ்வொழுங்கையே. சந்தனம், மாலை, விசிறி ஆகியன வேனிலுக்கு உரியன. அகிற்புகை, சின்மலர், சாளரம் அடைத்த அறை ஆகியன கூதிருக்கு உரியன. ஒப்பனையின் முதல் அளவுகோல் உடலின் நலமே என்பது இதனால் பெறப்படும்.

துணித் தேர்விலும் இதே நோக்கு உண்டு. பொருநராற்றுப்படை, கரிகாலன் அளித்த உடையைப் பாம்பின் சட்டையோடு ஒப்பிடுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஆவியும் புறநானூற்றில் புகையும் மெல்லிய ஆடைக்கு உவமையாகின்றன. இவ்வுவமைகள் யாவும் ஆடையின் கனத்தைப் புகழவில்லை, கனமின்மையைப் புகழ்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளஸ், ‘அர்காரு’ எனக் குறிக்கும் இடத்தின் மென்துணியைப் பற்றிப் பேசுகிறது. அவ்விடத்தை ஆய்வாளர்கள் உறையூர் எனக் கொள்வர். உலக வணிகர் தேடி வந்த தமிழ்த்துணி மெல்லிய பருத்தித் துணியே.

பட்டு அக்காலத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குரிய இடமும் பொழுதும் வேறு. காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் இரவில் பட்டைக் களைந்து துகில் உடுத்ததாகப் பட்டினப்பாலை கூறுகிறது. பகலில் பிறர் காண உடுத்தியது பட்டு. தமக்கென உடுத்தியது பருத்தி. இரண்டையும் வேறுபடுத்தும் நுண்ணுணர்வு அம்மகளிர்பால் இருந்தது.

ஊர்காண் காதையின் கார்காலக் கோலம்

பருவந்தோறும் மாறும் ஒப்பனையை மிக விரிவாகக் காட்டும் பகுதி சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் உள்ளது. கோவலன் மதுரை நகரைச் சுற்றி வரும்போது, அந்நகரத்துக் கணிகையரின் வாழ்க்கையை இளங்கோவடிகள் பருவம் பருவமாக விரித்துரைக்கிறார்.

அவற்றுள் கார்காலக் கோலம் கருதத்தக்கது. இடையில் செம்பூம்பட்டு, கூந்தலில் வெட்பாலைப்பூ, சிறுமலையில் பூத்த செங்கூதாளம், அன்றலர்ந்த குறிஞ்சி, மார்பில் குங்குமக் குழம்பு, செங்கொடுவேரி மலர்ப் பிணையல், மேனியில் சிந்துரப் பொடி, அதன்மேல் பவளக் கோவை. வெட்பாலையும் குறிஞ்சியும் நீங்கலாக ஏனைய யாவும் சிவப்பின் பல்வேறு சாயல்கள். உடை, மலர், பூச்சு, அணி ஆகிய நான்கும் ஒரே நிறத்தை நோக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. முகில் மூடி ஒளி மங்கிய நாள்களில் செந்நிறம் கண்ணுக்கு வெம்மையூட்டும் என்பதே இத்தேர்வின் காரணமாகலாம் என்பது நம் கருத்து. முத்தும் சந்தனமும் இக்கோலத்தில் இடம்பெறாமையும் நோக்கற்பாலது. அவை குளிர்ச்சி தருவன. கார்காலத்தில் அவற்றுக்கு வேலை இல்லை.

இதனை வேனிற்காலத்து மாதவியின் கோலத்தோடு ஒப்பிடலாம். சித்திரையில் நிகழ்ந்த இந்திர விழா முடிந்தபின் கடலாடச் செல்வதற்கு முன் அவள் செய்துகொள்ளும் ஒப்பனையைக் கடலாடு காதை நீளமாகக் கூறுகிறது. பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் குளியல். பூந்துகிலின்மேல் முப்பத்திரண்டு வடமாகக் கோத்த முத்தணி. காருக்குப் பவளம், வேனிலுக்கு முத்து என்னும் வேறுபாடு இவ்விரு பகுதிகளையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு எளிதில் விளங்கும்.

ஊர்காண் காதையின் பின்பனிக்காலப் பகுதி இந்நாட்டில் வாழும் நமக்குத் தனிச்சிறப்புடையது. தொண்டியிலிருந்து வங்கங்கள் கொணர்ந்த அகில், துகில், சந்தனம், வாசப்பொருள், கருப்பூரம் ஆகியவற்றின் மணத்தோடு கொண்டல் காற்று மதுரைக்குள் புகுவதாக அடிகள் பாடுகிறார். கொண்டல் என்பது கீழ்காற்று. கருப்பூரத்திற்குப் பெயர்பெற்ற நிலம் சுமத்திராவின் பாரூசும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும். அகில் மரத்தின் நறுமணக் கட்டை இத்தீபகற்பக் காடுகளில் இன்றும் ‘காகாரு’ எனத் தேடப்படுவது. ஆகவே மதுரை மகளிரின் ஒப்பனைப் பேழைக்குள் இந்நிலப்பகுதியின் காடுகளும் இருந்தன எனலாம். பருவம் உடையைத் தேர்ந்தது. அப்பருவத்தின் காற்றே அவ்வொப்பனைக்கு வேண்டிய பொருளையும் கொணர்ந்தது.

அணி களைதலும் அணி இன்மையும்

பருவத்திற்கேற்ற ஒப்பனை ஒரு மொழி என்றால், அதனை மறுப்பதும் அம்மொழியில் ஒரு கூற்றே. அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் கணவரைப் பிரிந்த மகளிர் வேனிற்பள்ளிக்குச் செல்வதில்லை. கூதிர்ப்பள்ளியின் சிறு சாளரத்தை அடைத்து உள்ளே கிடக்கின்றனர். சந்தனமும் முத்துமாலையும் அவர்தம் மார்பை அடையவில்லை. வெளியே வேனில், உள்ளே அவர்கள் தமக்கென வைத்துக்கொண்டதோ கூதிர்.

நெடுநல்வாடையின் அரசியும் இவ்வாறே காட்டப்படுகிறாள். பொற்றொடி அழுத்திய தழும்புள்ள முன்கையில் இப்போது வலம்புரி வளையும் காப்புநூலும் உள்ளன. நீண்டு தொங்கிய குழை நீங்கிக் காதில் சிறு வாயுறை மட்டும் எஞ்சியுள்ளது. பூந்துகில் அணிந்த இடையில் சற்றே மாசேறிய நூலாடை. கணவன் பாசறையில் இருக்கிறான் என்பதை அவள் வாய்திறந்து கூற வேண்டியதில்லை.

இவ்விரு நிலைகளும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புடைய மகளிரின் நிலைகள். அவ்வாய்ப்பே இல்லாதாரும் இருந்தனர் என்பதை மறத்தல் ஆகாது. குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனார், தம் மனைவி மாசேறிக் குறைந்த உடையினளாய்க் குப்பைக் கீரை கொய்து உப்பின்றி வேகவைத்ததைக் கூறுகிறார். அரசியின் ஆடையிலும் மாசு. புலவரின் மனைவி ஆடையிலும் மாசு. முன்னது துயரின் அடையாளம், பின்னது வறுமையின் நிலை. முன்னதைக் கூதிர் முடிந்து தலைவன் மீளும்போது களையலாம்; பின்னதற்குப் பருவமே இல்லை.

புறநானூற்றின் 248ஆம் பாடல் இதனினும் கூர்மையானது. இளமையில் ஒரு பெண்ணுக்குத் தழையுடையாக அமைந்த வெள்ளாம்பல், கணவனை இழந்தபின் உணவுக்குரிய புல்லரிசியாக மாறுகிறது. ஒரே மலர்தான், ஒரு பருவத்தில் அணி, மற்றொரு நிலையில் வயிற்றுக்கு. ஆண் துணையற்ற மகளிர் நுண்ணூல் நூற்றதாக நற்றிணை கூறுகிறது. சிறு விளக்கொளியில் இரவில் உழைக்கும் பருத்திப் பெண்டைப் புறநானூறு காட்டுகிறது. பாம்பின் சட்டை போலவும் புகை போலவும் மெல்லியதாகப் புகழப்பெற்ற துகிலின் நூல், ஒப்பனைக்கு உரிமையிழந்த பெண்டிரின் விரல்களிலிருந்து வந்தது என்பது நம் இலக்கியமே தரும் செய்தி. கொடுமணல், கீழடி ஆகிய இடங்களின் அகழாய்வில் கிடைத்த நூற்புக் கதிர்த் தக்கைகளைக் காணும்போது இவ்வுண்மையையும் உடன்வைத்தே எண்ண வேண்டும்.

கடல் கடந்த அணியும் துணியும்

தமிழகத்தின் அணிகலத் தொழில் இத்தீபகற்பத்தோடு கொண்ட தொடர்பு தொன்மையானது. தென்தாய்லாந்தின் குளோங் தோம் என்னுமிடத்தில் கிடைத்த சிறு உரைகல் ஒன்றில் ‘பெரும்பதன் கல்’ எனத் தமிழ் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்தமைதி கொண்டு இதனைக் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினதாகக் கணிப்பர். பொன்னின் மாற்றறியும் கருவியில் தன் பெயரைப் பொறித்துக்கொண்ட தட்டார் ஒருவர் இங்கு இருந்து தொழில் செய்தார் என்பது இதன் பொருள். அரிக்கமேட்டில் செய்யப்பட்டவை போன்ற சிறு கண்ணாடி மணிகள் பேராக் மாநிலத்துக் கோலா செலின்சிங்கிலும் கெடா மாநிலத்துச் சுங்கை மாஸிலும் கிடைத்துள்ளன. பட்டினப்பாலை கூறும் ‘காழகம்’ கடாரமே என உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதினார்.

துணி வணிகத்திற்கு வரலாற்றுச் சான்றுகள் இன்னும் தெளிவானவை. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துகீசியரான தோமே பிரெஸ், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த துணிகளையும் அவற்றைக் கொணர்ந்த வணிகரையும் தம் நூலில் குறித்துள்ளார். பழவேற்காட்டின் பெயர் மலாய்மொழியில் ‘காயின் பெலிக்காட்’ என்னும் கைலியின் பெயராக இன்றும் வழங்குகிறது. இவ்வணிகமும் பருவத்தைச் சார்ந்ததே. ஒரு பருவக்காற்றில் வந்த கலங்கள் மற்றொரு காற்றுக்காகக் காத்திருந்து மீண்டன.

அவ்வாறு வந்து தங்கிய வணிகரின் வழித்தோன்றல்களான மலாக்காச் செட்டிகளின் பெண்டிர் கெபாயாவும் சாரோங்கும் தமக்குரிய உடையாகக் கொண்டனர். சைவ வழிபாட்டை விடாது காத்த அச்சமூகம் உடையில் இம்மண்ணின் வழக்கை ஏற்றது. இதனை மரபு இழப்பு என்று சிலர் கருதுவர். பருவமும் இடமும் அறிந்து உடுத்தல் என்னும் பழைய நெறியோடு வைத்து நோக்கின், அது மரபின் தொடர்ச்சி என்பதே பொருந்தும்.

தோட்டத்துப் பருவம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தோட்டங்களுக்கு வந்த தமிழ்ப் பெண்டிரின் நிலை வேறு. அவர்கள் வந்து சேர்ந்த நிலத்தில் ஆறு பெரும்பொழுது இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று, தென்மேற்குப் பருவக்காற்று, இடைப்பட்ட நாள்களின் மாலை மழை என்பனவே உண்டு. தோட்டத்தில் மழை என்றால் பால்வெட்டு இல்லாத நாள். ரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலமென்றால் பால் குறையும் காலம். பருவம் உடையின் வழியாக அன்றிக் கூலியின் வழியாகவே அவர்களை எட்டியது.

அப்பெண்டிரின் அன்றாட உடை நம் நூல்கள் எதிலும் அணி எனப் பாடப்படவில்லை. கைலி அல்லது பழஞ்சேலை, அதன்மேல் ஆடவரின் முழுக்கைச் சட்டை, தலையில் சுற்றிய துணி. விடியற்காலைக் குளிர், கொசு, சட்டையில் தெறிக்கும் பால் ஆகிய மூன்றற்கும் ஏற்ற தேர்வு அது. நெடுநல்வாடை மகளிர் கூதிரை அறிந்து மாலை தவிர்த்ததற்கும், பால்மரக் காட்டுப் பெண் விடியலை அறிந்து சட்டை தேர்ந்ததற்கும் அறிவளவில் வேறுபாடு இல்லை. ஒன்று பாடப்பெற்றது, மற்றொன்று பாடப்பெறவில்லை.

புத்தாடைக்குரிய பருவம் அவர்களுக்கு ஒன்றே: தீபாவளி. தோட்ட நிருவாகம் தந்த தீபாவளி முன்பணமும், கடைக்கணக்கில் ஏறிய கடனும், சைக்கிளில் துணி மூட்டை கட்டி வந்த வணிகரும் சேர்ந்து அப்பருவத்தை உருவாக்கினர். ஐப்பசித் திங்கள் தொல்காப்பிய நெறிப்படி கூதிருக்கு உரியது. பழைய நூலில் மலர் குறைந்து சாளரம் அடைபட்ட அக்காலமே, இங்கு ஆண்டின் ஒரே ஒப்பனைக் காலமாயிற்று. பருவம் என்னும் சொல் வானிலையிலிருந்து நீங்கி விழாவைக் குறிக்கத் தொடங்கிய இடம் இதுவே என்பது நம் துணிபு.

1941 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சி அவ்வொரு பருவத்தையும் பறித்தது. துணிவரவு நின்றமையால் கிழிந்ததைத் தைத்தும், சாக்கை உடையாக்கியும் மக்கள் காலம் தள்ளினர். போருக்குப்பின் துணி மீண்டும் கிடைத்தபோது, புதுச்சேலை என்பது அழகுக்கு மேலானதொரு பொருள் பெற்றது. மானம் மீண்டதன் அடையாளமாக அது கருதப்பட்டது. பின்னர் எளிதில் துவைத்து உலர்த்தக்க நைலக்ஸ் சேலைகள் தோட்டங்களை நிறைத்தன. நகரம் புகுந்த அடுத்த தலைமுறையில் பஞ்சாபி சூட்டும் பாஜு கூரோங்கும் பணியிட உடைகளாயின. அணியைப் பொறுத்தவரை, தோடும் சங்கிலியும் காப்பும் ஒப்பனைப் பொருள்களாக மட்டும் இருக்கவில்லை. பள்ளிக் கட்டணம், மருத்துவம், இறப்பு ஆகிய ஒவ்வொன்றற்கும் அடகுக் கடைக்குச் சென்று மீண்டவை அவையே. அரசியின் கையில் பொற்றொடித் தழும்பைக் கண்ட நக்கீரர், தோட்டப் பெண்ணின் வெறுங்காதைக் கண்டிருப்பின் அதற்கும் ஒரு காரணம் கேட்டிருப்பார்.

இப்பின்னணியில், வசதி வாய்த்த தலைமுறை கனத்த பட்டை விரும்பியதை எளிதில் குறைகூற இயலாது. ஆண்டுக்கொரு சேலைக்குக் கடன்பட்ட தாயரின் மகளிர் அவர்கள். அப்பட்டில் சரிகையோடு அவ்வரலாறும் நெய்யப்பட்டுள்ளது. எனினும் அது ஆதியிலிருந்து வந்த ஒரே மரபு என்னும் எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. மண்டபங்களின் குளிர்சாதனம் செயற்கையாக ஒரு கூதிரை உண்டாக்கித் தருவதால் மட்டுமே நண்பகலிலும் அதனை உடுத்த இயலுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவனவற்றைத் துணியலாம். பண்டைத் தமிழ் மகளிரின் ஒப்பனை, பருவத்தையும் உடலையும் இடத்தையும் அறிந்து தேரும் அறிவின்பாற்பட்டது. அதில் பட்டுக்கு இடம் உண்டு. பருத்திக்கு அதனினும் பேரிடம் உண்டு. அவ்வொப்பனையை ஏற்றலும் மறுத்தலும் பெண்ணின் நிலையைப் பேசும் மொழியாயின. அம்மொழியைப் பேசும் வாய்ப்பு எல்லாப் பெண்டிர்க்கும் கிட்டவில்லை. மலாயாவில் பருவம் என்பது விழாவாகச் சுருங்கியதற்கு வானிலையோடு கூலியும் கடனும் காரணங்களாயின.

மரபைக் காப்பது என்பது ஒரு துணிவகையைக் காப்பதாக மட்டும் அமைந்தால், நாம் காப்பது ஐம்பது அறுபது ஆண்டுப் பழமையாகவே முடியலாம். இந்நாட்டு வெம்மைக்கு ஏற்ற மென்பருத்திச் சேலையை ஒரு மாணவி விழாவிற்குத் தேர்ந்தெடுப்பின், அவர் சங்க மரபுக்கு அணுக்கமாகவே நிற்கிறார்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தோட்டப் பெண்டிரின் உடை வரலாறு எழுத்தில் மிகக் குறைவாகவே உள்ளது. அது பாட்டிமாரின் நினைவிலும், மங்கிய நிழற்படங்களிலும், அலமாரியின் அடித்தட்டில் மடித்து வைத்த ஒன்றிரண்டு சேலைகளிலும் இருக்கிறது. நம் மாணவர்கள் தம் இல்லங்களிலிருந்தே அதனைத் தொகுக்கத் தொடங்கலாம். எந்த ஆண்டுத் தீபாவளிக்கு எந்தச் சேலை, யாரிடம் கடன் பெற்று வாங்கியது, எந்தக் காப்பு எதற்காக அடகிற்குச் சென்றது என்று கேட்டு எழுதினாலே போதும். கேட்கத்தக்கோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி நிகழ்தல் வேண்டும்.